நாலாவது வரிசை, மூன்றாவது கட்டம்

மாதிரிப் படத்தைத் தலைகீழாக வைத்தால்தான் வேலுத்தாய்க்கு வரைய வரும். பதினோரு வாரமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனாலும் தங்கப்பழம் மாஸ்டர் அந்தப் பக்கம் வருகிறபோதெல்லாம், நேரா வச்சுத்தான் பாருங்களேன்க்கா, என்று விரலால் படத்தைத் திருப்பிவிட்டுப் போவார். அவர் நகர்ந்ததும் இவள் மறுபடி கவிழ்த்துக்கொள்வாள். அந்த ஆளுக்கு முப்பது வயசு இருக்குமா, இருக்காது, இவளைவிடப் பதிமூன்று வயசு சின்னவன், விபத்தில் அடிபட்டவர்களுக்குப் படம் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி டிரஸ்ட்காரர்கள் மதுரையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவன், அவனுக்கு என்ன தெரியும் லேபிள் ஒட்டுகிறவளின் கண்ணைப் பற்றி. பதினாலு வருஷம் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கிறாள். ஒட்டுகிறவளுக்கு எதிரே அடுக்குகிறவள் உட்கார்ந்திருப்பாள், பெட்டி அவளுக்கு நேராகப் போய்ச் சேரவேண்டும், ஆகவே ஒட்டுகிறவளுக்கு லேபிள் படத்துக் கவசக்காரன் என்றைக்கும் தலைகீழ்தான், காலை மேலே தூக்கிக்கொண்டு, தொப்பியை இவள் வயிற்றுப் பக்கம் காட்டிக்கொண்டு. பசை தடவி, வைத்து, கட்டை விரலால் ஒரு நீவு. நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் நீவு. கனவில் வந்தால்கூட அவன் தலைகீழாகத்தான் வருவான். கவச வீரன் மார்க். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய முதலாளி யாரோ ஓர் ஓவியரிடம் வரைந்து வாங்கிய படம் என்று டிரஸ்ட் புத்தகத்தில் போட்டிருக்கிறது. மார்பிலே இரும்புப் பலகை, தோளிலே இரும்பு, முழங்கையிலே இரும்பு, முழங்காலுக்குக்கூட ஒரு இரும்புச் சிரட்டை, இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாகக் கோத்த சங்கிலிப் பாவாடை, கையிலே மட்டும் ஒரு மத்தாப்பு. மத்தாப்புக் கொளுத்தவா இத்தனை இரும்பு என்று கூட வேலை பார்க்கிற பேச்சி கேட்பாள், அந்த ரூம் முழுக்கச் சிரிக்கும். பேச்சி இப்போது இல்லை.

கட்டம் போட்டு வரைகிற முறை இது. லேபிளைப் பெரிதாக்கி ஆளுக்கு ஒரு கலர் ஜெராக்ஸ் கொடுத்து, அதன்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து, அதே எண்ணிக்கையில் வெள்ளை அட்டையிலும் கோடு இழுத்து, ஒரு கட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து மற்றக் கட்டத்துக்குள் போடவேண்டும். முழுப் படத்தையும் பார்க்காதீங்க, பயந்துருவீங்க, கட்டத்தை மட்டும் பாருங்க, என்றார் மாஸ்டர் முதல் நாள். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் உருப்படியான பேச்சு. வேலுத்தாயின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன, ஆபரேஷன் பண்ணியும் அவ்வளவுதான் பிரிந்தன, மீதி மூன்று விரலில் பிரஷைப் பிடிக்கிறாள். பிடித்த முதல் நாள் பிரஷ் நழுவி நழுவி விழுந்தது. நாலாம் வாரம் அந்தச் சங்கிலிப் பாவாடையை வளையம் வளையமாகப் போட்டு முடித்தபோது மாஸ்டரே நின்று பார்த்தார். அக்கா, இது உங்களுக்குள்ள எங்கக்கா இருந்துச்சு, என்றார். எங்கே இருந்ததோ. நாற்பத்து மூன்று வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை, இவளும் தேடவில்லை. கையைக் கருக்கிவிட்டு அப்புறம் அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று தேடச் சொல்கிறார்கள். இந்த ஆத்திரம்தான் அவளுக்குத் தீரவில்லை. படம் வரைவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. வெட்கம்கெட்ட அளவுக்குப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை விடிந்தால் உடம்பு தானாகப் பரபரக்கிறது. அவர்கள் கொடுத்த பெயிண்ட், அவர்கள் கொடுத்த அட்டை, அவர்கள் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், மேஜைமேல் விரித்த பேப்பரையும் மீறி வருகிற பழைய சாம்பார் வாசனை, அதற்குள் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறாளே, இவளும் ஒரு மனுஷியா.

இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. மணி பதினொன்றேகால். பன்னிரண்டு மணிக்கு டிரஸ்ட் மேனேஜர் ஜெயசிங் வந்து படங்களை வாங்கிக்கொண்டு போய்ச் சட்டம் போடக் கொடுப்பார். சாயங்காலம் கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு விழா. பதினாறு பேர் வரைந்ததில் வேலுத்தாயின் படம்தான் முதல் என்று போன வாரமே முடிவாகிவிட்டது, அதை அவளே மேடையேறி முதலாளி கையில் கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டு மைக்கில் இரண்டு வரி சொல்லவேண்டும். அந்த இரண்டு வரியை ஜெயசிங் தாளில் டைப் அடித்தே கொடுத்திருக்கிறார். 'உடன் வேலை பார்த்த ஒருவரின் கவனக்குறைவால் விபத்து நடந்தபோதும், கம்பெனி எங்களைப் பெற்ற பிள்ளைகளாகத் தாங்கியது. நன்றி.' ஒருவர். அந்த ஒருவருக்குப் பெயர் கிடையாதா. பேச்சியம்மாள், வயது முப்பத்தெட்டு, ரேஷன் அட்டையில் இருக்கிறதே. தாள் இப்போதும் ஜாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது, வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாம், ஆனால் எடுத்தால் படிக்கத் தோன்றும். படித்தால் திங்கட்கிழமை ஞாபகம் வரும். திங்கட்கிழமை கோர்ட்டில் விபத்துக் கேஸுக்குக் கூண்டிலேறி, ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலம் சரிதான் என்று வாயால் ஒருதரம் சொன்னால் போதுமாம். ஆமாங்கய்யா, பேச்சிதான் வெடிமருந்துத் தட்டைக் கீழே போட்டா. அவ்வளவுதானம்மா, ரெண்டு நிமிஷம், கார்லயே கொண்டாந்து விட்டுருவோம், என்று ஜெயசிங் சொன்ன விதத்தைப் பார்க்கவேண்டும், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

வாக்குமூலம். என்ன வாக்கு, வாயே திறக்கவில்லை. முகத்திலும் கையிலும் கட்டு, தண்ணீர் கேட்டால் பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றுகிறார்கள், அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு நிற்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் போர்மேன் சுப்புக்காளை, நெற்றியில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவுதான் அவனுக்கு. ஏம்மா, பேச்சிதானே தட்டைக் கீழ போட்டது, என்றார் போலீஸ்காரர். வேலுத்தாய் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா, தலை தானாக ஆடிற்றா, ஊசி மருந்தில் ஆடிற்றா, இதை எத்தனை தடவை போட்டுப் புரட்டியாயிற்று. இல்லை. ஆட்டினாள். சுப்புக்காளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்டினாள். பயந்துதான் ஆட்டினாள். மகள் சிவரஞ்சனிக்கு நர்சிங் காலேஜில் இடம் வாங்கித் தருகிறோம் என்று சொன்னது அதற்கு அப்புறம்தானே, அதற்கு முன்னாலேயே தலை ஆடிவிட்டதே, ஆகவே மகளுக்காக ஆட்டினேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. சும்மாவே ஆட்டியிருக்கிறாள். இந்த இடத்துக்கு வந்ததும் வேலுத்தாய்க்குத் தன் தலையையே சுவரில் மோதவேண்டும் போல இருக்கும். பதினோரு வாரமாக, இல்லை, எட்டு மாதமாக எங்கே சுற்றினாலும் புத்தி இங்கேதான் வந்து முட்டி நிற்கிறது.

பிரஷைத் தண்ணீரில் அலசினாள். நாலாவது வரிசை, மூன்றாவது கட்டம். கவசக்காரனின் மார்புப் பலகையில் இடது பக்கம். சுற்றி இருக்கிற கட்டமெல்லாம் சாம்பலும் நீலமும் வெள்ளையுமாக முடிந்துவிட்டன, இது ஒன்று மட்டும் காலியாக வெறித்துக்கொண்டிருக்கிறது. ஜெராக்ஸில் அந்த இடத்தில் ஆரஞ்சு. ஆறாம் வாரம் மாஸ்டர் அதை விளக்கினார். இரும்புக்குன்னு சொந்தமா நிறம் கிடையாதுக்கா, எதிர்ல என்ன இருக்கோ அதைக் காட்டும், கையில மத்தாப்பு எரியுதுல்ல, அந்த வெளிச்சம்தான் நெஞ்சுல விழுது. அதைக் கேட்டதிலிருந்துதான் சனியன் பிடித்தது. கேட்காமல் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆரஞ்சைப் பூசியிருப்பாள். இப்போது பிரஷை அங்கே கொண்டுபோனால் மூன்று விரலும் விறைக்கின்றன, உள்ளங்கையில் வெந்த தோல் இழுக்கிறது, மூக்கில் வெடிமருந்து வாடை வருகிறது, நிஜமாகவே வருகிறது, கந்தகமும் கருகின முடியும். ஐந்து வாரமாக மற்றக் கட்டங்களையே திருத்தித் திருத்தி இதை ஒதுக்கிக்கொண்டு வந்தாயிற்று. பக்கத்து நாற்காலி ராமலட்சுமி தன்னுடைய கவசக்காரனை எப்போதோ முடித்துவிட்டாள், அவன் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறான், அது வேறு விஷயம், ஆரஞ்சை அவள் தாராளமாக அப்பியிருக்கிறாள். ராமலட்சுமி அன்றைக்குப் பக்கத்து ரூமில் இருந்தவள், சுவர் இடிந்து கால் போயிற்று. விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். குனிந்த தலை நிமிராமல் வரைவாள், பொட்டலம் பிரித்து முறுக்கைப் பாதி இவளுக்குத் தருவாள், போய்விடுவாள். நல்லவள்தான். ஆனால் இப்படிப் பேசாமல் இருக்கிறவர்களைப் பார்த்தாலே வேலுத்தாய்க்கு எரிச்சலாக இருக்கிறது, கண்ணாடியைப் பார்க்கிற எரிச்சல்.

அன்றைக்கு லேபிள் ரூமிலிருந்து ஏன் போனோம். தீபாவளி ஆர்டர், லாரி நிற்கிறது, லேபிள் அப்புறம் ஒட்டலாம், மருந்து ரூமுக்கு வாங்க எல்லாரும், என்று சுப்புக்காளை வந்து விரட்டினான். நாலு பேர் இருக்கவேண்டிய ரூமில் பத்தொன்பது பேர். நாலு பேர் என்று சுவரிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது, அந்த எழுத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெருப்புப் பட்டால் உடம்போடு ஒட்டாத காட்டன் சட்டை ஆபீசர்மார் வருகிற அன்றைக்கு மட்டும்தான் வெளியே வரும், அதுகூட அன்றைக்கு இல்லை, இவள் நைலக்ஸ் புடவை, பேச்சி ஏதோ பூப்போட்ட சேலை. பெட்டிமேல் இருக்கிறவனுக்கு முழங்கால் வரைக்கும் இரும்பு, பெட்டிக்குள் போடுகிறவளுக்கு நைலக்ஸ். இதை நினைத்தால் கொலைவெறி வருகிறது, யாரைக் கொல்ல, முதலாளி சென்னையில், சுப்புக்காளை இப்போது வேறு யூனிட்டில் பதவி உயர்ந்து சூப்பர்வைசர். மருந்துப் பெட்டி வாசல்படிக்கு உள்ளே இருந்தது. சுப்புக்காளை படிக்கு வெளியே நின்றுகொண்டு பெட்டியின் காதைப் பிடித்துத் தரையோடு தரதரவென்று இழுத்தான். தரையில் ரப்பர் விரிப்பு இல்லை, வெறும் சிமென்ட், உரசினால் பொறி பறக்கும். இழுத்தான். இவள் பார்த்தாள். கண்ணால் பார்த்தாள். தட்டு யார் கையிலிருந்தும் விழவில்லை. அவன் வெளிப்பக்கம் நின்றதால் ஓடிவிட்டான், இவள் பின்வாசல் பக்கம் இருந்ததால் கையோடு போயிற்று, பேச்சி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஐந்து உயிர். ஐந்து உயிரும் பேச்சி கணக்கில். போன மாதம் ரேஷன் கடை வரிசையில் பேச்சி புருஷன் நின்றான், சாவு விழுந்த வீட்டுக்காரி ஒருத்தி, உம் பொண்டாட்டிதானய்யா எம் மகனக் கொன்னவ, என்று அவன் கால்மேல் காறித் துப்பினாள். அந்த ஆள் துடைத்துக்கூடக் கொள்ளவில்லை. அவனுக்கு நாலு பேர் தள்ளி வேலுத்தாய் நின்றாள், செருப்பைப் பார்த்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. அரிசி வாங்கினாள், வந்தாள், பொங்கினாள், தின்றாள். தின்றாளே.

அந்தக் கோபத்திலேயே பிரஷை ஆரஞ்சில் முக்கினாள். விறைத்தால் விறைத்துவிட்டுப் போகட்டும். படம் தலைகீழாகத்தானே இருக்கிறது, கவசக்காரனும் கிடையாது, நெஞ்சும் கிடையாது, வாழைப்பூ மடல் மாதிரி ஒரு வடிவம், அதன் ஓரத்தில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, உள்ளே ஒரு கோடு சிவப்பு, முடிகிற இடத்தில் சாம்பலோடு கலந்து மங்கவேண்டும், அவ்வளவுதான், கட்டத்தை மட்டும் பார். மஞ்சளை ஈரமாக விட்டு ஆரஞ்சைத் தொட்டாள், அது தானாகப் பரவிற்று. கெடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று, ஒரே இழுப்பில் படம் முழுக்கக் கறுப்பைத் தீற்றிவிட்டால் மேடையும் இல்லை மைக்கும் இல்லை, பெயிண்ட் கொட்டிவிட்டது என்று சொல்லிவிடலாம். கை மறுத்தது. மூன்று விரலும் சேர்ந்து மறுத்தன, ஓரத்தில் கால் அங்குலம் மஞ்சள் வெளியே கசிந்ததற்கே பதறிப்போய்த் துணியால் ஒற்றின. நாசமாய்ப் போக, இது நன்றாக வருகிறது. சிவப்பை ஒரு மயிரிழை இழுத்தாள். இரும்பு பளிச்சென்று இரும்பாகிவிட்டது. இவ்வளவு அழகாக ஒன்றை இவள் பிறந்ததிலிருந்து செய்ததில்லை, இதை அந்த முதலாளி கையில் கொடுத்துப் பல்லைக் காட்டவேண்டும்.

"அக்கா, முடிச்சிட்டீங்களா!" மாஸ்டர் பின்னாலிருந்து வந்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்க்கா." சொல்லிக்கொண்டே அட்டையை இரண்டு கையாலும் தூக்கி, திருப்பி, சுவரில் நேராகச் சாய்த்து வைத்தார்.

பதினோரு வாரத்தில் முதல் தடவையாக வேலுத்தாய் தான் வரைந்ததை நேராகப் பார்த்தாள். கட்டங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. ஆள் ஒருவன் நிற்கிறான், ஆறடி ஆள், தலை முதல் கால் வரை இரும்பு, கால் இரண்டையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு நிற்கிறான், அவன் நெஞ்சிலே தீ. மத்தாப்பு வெளிச்சமாம். அந்த நிறம் அவளுக்குத் தெரியாதா. வாசல்படியில் முதல் பொறி விழுந்து ஒரு கண்சிமிட்டுக்குள் பேச்சியின் பூப்போட்ட சேலை முந்தியில் ஏறின நிறம் அது, அச்சு அசல், மஞ்சள் ஓரம், நடுவில் ஆரஞ்சு, உள்ளே ஒரு மயிரிழை சிவப்பு. பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாள். ஜெராக்ஸில் இருக்கிற ஆரஞ்சு வெளிறிப்போன ஆரஞ்சு, மாத்திரை மாதிரி. இது அது இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாது, இரும்பு போட்டிருக்கிறான், வெளிச்சம் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். அழுகை வரும் என்று வேலுத்தாய் நினைத்தாள், வரவில்லை. எட்டு மாதம் விழுங்கினது மொத்தமும் கோபம்தான்.

ஜெயசிங் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டிரஸ்ட் அட்டை, பின்னால் படங்களைத் தூக்க இரண்டு ஆட்கள். சுவரில் சாய்த்திருந்ததைப் பார்த்ததும் நின்றார். "அடேயப்பா. ஏம்மா, நீங்களா வரைஞ்சது? மொதலாளி அசந்துருவாரு." அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதுவும் வேலுத்தாய்க்கு எரிந்தது. "சரி, அந்த ரெண்டு வரி மனப்பாடம் ஆயிருச்சா? எங்க, ஒருதரம் சொல்லுங்க பார்ப்போம்."

வேலுத்தாய் எழுந்து நின்றாள். கூடத்தில் பதினைந்து பெண்களும் பிரஷை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"தூக்குங்க அண்ணாச்சி, இழுக்காதீக, தீப்பிடிச்சிரும்," என்றாள்.

ஜெயசிங்குக்குப் புரியவில்லை. "என்னது?"

"பேச்சி சொன்னது. சுப்புக்காளைகிட்ட. அவன் மருந்துப் பெட்டியத் தரையில போட்டு இழுக்கையில ரெண்டு தரம் சொன்னா. மூணாவது தரம் கத்துனா. அவன் கேக்கல, இழுத்தான். தட்டு யாரும் கீழ போடல."

"ஏம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?" ஜெயசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஆஸ்பத்திரில நீங்களே சொல்லிருக்கீங்க, எழுத்துல இருக்கு."

"சொல்லல. தலைய ஆட்டுனேன். பயந்து ஆட்டுனேன். அது எம் மேல தப்பு, அதையும் சேத்துத்தான் திங்கக்கெழம கோர்ட்ல சொல்லப் போறேன். படத்தத் தரமாட்டேன். மேடைக்கும் வரல."

"வேலுத்தாயம்மா." அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "மக மொத வருஷம் படிக்குதுல்ல? நிதானமா யோசிச்சுப் பேசுங்க. அட்டை டிரஸ்ட்டுது, பெயிண்ட் டிரஸ்ட்டுது, படம் கம்பெனி லேபிள். அந்தக் கைக்கு ஆபரேஷன் பண்ணுனதே நாங்கதான்."

"பண்ணுனீக. எரிச்சதும் நீங்கதான்."

 சிவரஞ்சனியின் முகம் வந்து போயிற்று, வெள்ளைக் கோட்டு, ஹாஸ்டல் வாசல், அம்மா ஏம்மா இப்படிப் பண்ணுன, என்று அவள் கேட்கப்போவதும் காதில் விழுந்தது. கேட்பாள். கேட்கட்டும், இவள் பதில் சொல்லியாகவேண்டும், பதில் இன்னும் தெரியாது.  மாஸ்டர் தரையைப் பார்த்தார். ஜெயசிங் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார், பாவம், மனசு சரியில்லை என்று சொல்கிற சிரிப்பு. "யாரும் காதுல போட்டுக்காதீங்கம்மா. அந்த ரூம்ல பொழைச்ச மத்தவங்க எல்லாம் ஒண்ணும் பாக்கலன்னு எழுதிக் குடுத்தாச்சு, பேசுறது இவங்க ஒருத்தர்தான், இவங்க சொல்றதுக்கு வேற சாட்சி கெடையாது."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. ராமலட்சுமி மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள், கட்டைக் காலில் நிற்க அவளுக்கு நேரம் எடுத்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு சார்," என்றாள். "சுவத்துக்கு இங்கிட்டு. மூணு தரமும் கேட்டுச்சு."

வேலுத்தாய்க்கு அவளை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. எட்டு மாதம், அதில் பதினோரு வாரம் தோளோடு தோள் உட்கார்ந்து, முறுக்கைப் பாதி பிட்டுக் கொடுத்துக்கொண்டு, தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாளே பாவி. ராமலட்சுமி அடிக்குத் தயாராக நிற்கிறவள் போல நின்றாள். வேலுத்தாய் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள், தன் நாற்காலியை அவள் பக்கம் இன்னும் ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஜெயசிங்கைப் பார்த்து, "ரெண்டு பேர் சார், எழுதிக்கங்க," என்றாள்.